ரே திரும்பி வந்தாரா, இப்போதுதான் வந்தாரா? பழைய சோலும் ஹிப்-ஹாப்பும் சேர்ந்த ஆல்பம் பற்றி ஒரு சந்தேகம்

மொட்டைமாடி_ரேடியோ:

மக்களே, வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டன் பாடகி ரே பாடிய 'எஸ்கேப்பிசம்' பாட்டை 2023 தொடக்கத்தில் ரீல்ஸில் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள், வேகத்தைக் கூட்டி எலிக்குரல் மாதிரி ஆக்கிய அந்த வெர்ஷன். யாரோ சின்னப் பெண்ணுக்கு ஒரே பாட்டில் அடித்த லாட்டரி என்று நினைத்து விட்டுவிட்டேன். போன வாரம் ஊருக்குப் போகிற ராத்திரி பஸ்ஸில் தூக்கம் வராமல், அந்தப் பாட்டு இருக்கிற 'மை ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ப்ளூஸ்' ஆல்பத்தை முதலிலிருந்து போட்டேன். திண்டிவனம் தாண்டுவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். முதலில் ஏதோ பழைய ஜாஸ் கிளப்பில் அறிவிப்பாளர் மேடைக்கு அழைக்கிற மாதிரி ஆரம்பிக்கிறது, அப்புறம் ஸ்டிரிங்ஸ், சோல் பாணியில், அதாவது அந்தக் காலத்து அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டுச் சாயலில், தொண்டையைத் திறந்து பாடுகிற ஒரு பெரிய பாட்டு, அடுத்து பார்த்தால் கனமான ஹிப்-ஹாப் டிரம்ஸ் மேல் பாதி பேச்சு பாதி பாட்டாக வசை. ஒரே ஆள்தானா இது என்று திரையைப் பார்த்துக்கொண்டேன்.

கூடவே வந்த அத்தை மகனிடம் ஒரு காது இயர்போனைக் கொடுத்தேன். அவன் கேட்டுவிட்டு, "இது சும்மா வேஷம்டா, போட்டோவுக்குப் பழுப்பு ஃபில்டர் போடுற மாதிரி பாட்டுக்குப் பழைய வாசனை போட்டிருக்காங்க" என்றான். எனக்கு பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது சந்தேகம். எங்கே படித்தாலும் இவர் மறுபிரவேசம் செய்தார், மீண்டு வந்தார் என்றே எழுதுகிறார்கள். ஆனால் பிரிட்டன் இசைத் துறை கொடுக்கிற 2024 பிரிட் விருதுகளில் 'புதிய கலைஞர்' விருதையும் கொடுத்திருக்கிறார்கள். புதிதாக வந்தவர் எப்படித் திரும்பி வர முடியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதே வழியில் அடுத்து எதைக் கேட்கலாம் என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும், அடுத்த வாரமும் அதே பஸ்தான்.

வினைல்_வாத்தியார்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், கதையே அதில்தான் இருக்கிறது.

இவர் பெயர் ரேச்சல் கீன், 1997இல் பிறந்தவர். 2014இல், அதாவது பதினேழு வயதில், பாலிடோர் லேபிளில், அதாவது பாட்டு வெளியிடும் கம்பெனியில், ஒப்பந்தம். அப்புறம் என்ன நடந்தது என்றால், நடன மேடைப் பாட்டுகளுக்குக் குரல் கொடுக்கிற ஆளாகவே ஆகிப்போனார். ஜாக்ஸ் ஜோன்ஸோடு 2016இல் 'யூ டோன்ட் நோ மீ', பிரிட்டன் பட்டியலில் 3ஆம் இடம். 2021இல் ஜோயல் கோரி, டேவிட் குவெட்டாவோடு 'பெட்', அதுவும் 3. நீங்கள் ஏதாவது ஜிம்மிலோ துணிக்கடையிலோ இந்தப் பாட்டுகளைக் கேட்டிருப்பீர்கள், யார் பாடியது என்று யோசித்திருக்க மாட்டீர்கள். இன்னொரு பக்கம் மற்றவர்களுக்குப் பாட்டெழுதிக் கொடுத்தார், பியான்சே 2019இல் பாடிய 'பிகர்' எழுதியவர்களில் இவரும் ஒருவர். தன் பெயரில் குட்டித் தொகுப்புகள் வந்தன, 2020இல் ஒன்பது பாட்டோடு ஒன்றும் வந்தது. ஆனால் முழு ஆல்பம் மட்டும் வரவே இல்லை.

2021 ஜூனில் பொறுமை போய், நாலு ஆல்பத்துக்கு 2014இலேயே கையெழுத்துப் போட்டும் ஒன்றைக்கூட வெளியிட விடவில்லை என்று ட்விட்டரில் வெளிப்படையாகப் போட்டு உடைத்தார். அடுத்த மாதமே லேபிளிலிருந்து வெளியே வந்துவிட்டார். வெளியே வந்தவர், விநியோகத்துக்கு மட்டும் ஒரு நிறுவனத்தை வைத்துக்கொண்டு, தயாரிப்பாளர் மைக் சபாத்தோடு உட்கார்ந்து தன் இஷ்டத்துக்குச் செய்ததுதான் நீங்கள் பஸ்ஸில் கேட்டது. 'எஸ்கேப்பிசம்' 2022 அக்டோபரில் வந்தது, 2023 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம். ஆல்பம் பிப்ரவரி 3ஆம் தேதி வந்து 2ஆம் இடம். அதற்கடுத்த ஆண்டு மார்ச்சில் பிரிட் விருதுகளில் ஆறு வாங்கினார். அதுவரை ஒரே ஆண்டில் நாலுக்கு மேல் யாரும் வாங்கியதில்லை, 1995இல் பிளர் குழு வாங்கிய நாலுதான் உச்சம்.

ஆக 'புதிய கலைஞர்' என்பதும் சரி, 'திரும்பி வந்தார்' என்பதும் சரி. ஏழு வருஷம் கடைக்கு உள்ளேயே இருந்தார், பெயர்ப்பலகைதான் வேறு ஆட்களுடையது.

ஃபேடர்_பாண்டி:

வாத்தியார் சொன்ன வரலாறு சரி. நான் மேடைக் கச்சேரிகளுக்கு மிக்ஸிங் பண்ணுகிறவன், அதனால் வேஷமா இல்லையா என்ற கேள்விக்குக் காதை வைத்துப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

அறுபதுகளின் சோல் ரிக்கார்ட் ஒன்றைப் போட்டால் என்ன கேட்கிறது? ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாசிப்பது கேட்கிறது. டிரம்ஸ் சத்தம் பியானோ மைக்கில் ஒழுகும், பிராஸ் சத்தம் டிரம்ஸ் மைக்கில் ஒழுகும், இந்த ஒழுகல்தான் அந்தச் சூடு. இரண்டாவது நாலாவது அடியில் ஸ்னேரோடு டாம்பரின் சேரும். பேஸ் வெறும் தூணாக நிற்காமல் தானே ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும், மோட்டவுன் லேபிளின் பாட்டுகளில் பேஸ் கிட்டார்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததை மட்டும் தனியாகக் கவனித்துக் கேளுங்கள், பாட்டே மறந்துபோகும். டிரம்பெட்டும் சாக்ஸும் நீட்டி முழக்காமல் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேல் தாளம் மூச்சு விடும், கோரஸுக்குள் நுழையும்போது மயிரிழை வேகம் கூடும், யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

ஹிப்-ஹாப் எங்கே வந்தது என்றால், இந்த மாதிரி ரிக்கார்டிலிருந்து இரண்டு பார், அதாவது இரண்டு தாளச் சுற்று, டிரம்ஸை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டதிலிருந்துதான். ஜேம்ஸ் பிரவுனின் 1970 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் தனியாக வாசிக்கிற சில நொடிகள் இருக்கிறதே, அதை வெட்டி எடுத்து எத்தனை ராப் பாட்டுகள் வந்தன என்று எண்ணி முடியாது. ஆனால் வெட்டி ஒட்டிய லூப் மூச்சு விடாது, கல் மாதிரி நிற்கும். அந்தக் கல்லின் மேல் பாடுகிறவர் கொஞ்சம் முன்னே பின்னே வழுக்கிப் போக வேண்டும், அப்போதுதான் பாட்டுக்கு உயிர் வரும். ரேவிடம் நான் ரசிப்பது இதைத்தான். 'எஸ்கேப்பிசம்' பாட்டில் டிரம்ஸ் வறண்டு, காதுக்குப் பக்கத்தில், அசையாமல் இருக்கிறது, குரல் அதன் மேல் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவர் மாதிரி போகிறது, பாட்டின் விஷயமும் அதுதானே. கடைசியில் தாளமே தளர்ந்து மெதுவாகிவிடும், வேகம் கூட்டிய ரீல்ஸ் வெர்ஷன் கேட்டவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

அதனால் உங்கள் அத்தை மகனிடம் சொல்லுங்கள் தம்பி, சோலும் ஹிப்-ஹாப்பும் சேர்வது ஃபில்டர் இல்லை, ஒரே வீட்டுப் பாட்டியும் பேத்தியும் ஒரே திண்ணையில் உட்காருவது. வேஷம் எப்போது என்றால், ரிக்கார்ட் கீறல் சத்தத்தை ஒரு ஃபைலாக வாங்கிப் பாட்டின் மேல் தூவுகிறார்கள் பாருங்கள், அப்போது.

கசப்புக்_காபி:

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு இந்தப் பெண்ணின் குரல் பிடிக்கும். ஆனால் பிரிட்டிஷ் இசைத் தொழிலுக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பழைய சோல் காய்ச்சல் வரும். 2006இல் பாடகி ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' ஆல்பம் வந்து ஓடியதும் எல்லா லேபிளும் கண்ணுக்கு மை தீட்டின ஒரு பெண்ணைத் தேடிக் கிளம்பியது. 2008இல் பிரிட்டனில் அதிகம் விற்ற ஆல்பமே பாடகி டஃபியுடையது, அதுவும் அறுபதுகளின் வாசனைதான். பிளான் பி என்ற ராப்பர் 2006இல் கிட்டாரோடு கோபமாக ராப் பண்ணி ஓர் ஆல்பம் போட்டார், 2010இல் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு சோல் பாடினார், நேராக முதலிடம். ஆக இந்தக் கலவை விற்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அப்புறம் இந்த ஆல்பம் அப்படியொன்றும் ரெட்ரோவும் இல்லை. 'பிளாக் மஸ்காரா' கிட்டத்தட்ட நடன மேடைப் பாட்டு, இத்தனை நாள் எதிலிருந்து தப்பிக்க நினைத்தாரோ அதே சத்தம். சுற்றுச்சூழல் பற்றிய பாட்டு எனக்குப் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி ஞாபகத்தைக் கொண்டுவந்தது. பதினைந்து பாட்டில் நாலைத் தூக்கியிருந்தால் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 'ஐஸ் க்ரீம் மேன்' பாட்டில், இசைத் துறையில் தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பாடுகிறார். அதை நான் ஒரே தடவைதான் முழுதாகக் கேட்டிருக்கிறேன். அதை எந்த ஃபில்டர் என்றும் சொல்ல முடியாது.

டூட்டிங்_பெடியன்:

அட, எங்கட ஏரியாக்காரியைப் பற்றிக் கதைக்கிறீங்கள், நான் சும்மா இருக்கலாமோ.

ரே பிறந்தது தென் லண்டன் டூட்டிங்கில். நம்மட ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற இடம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், பிராட்வே ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் தோசைக்கடையும் நகைக்கடையும் தமிழ்ப் பலகையோடு வரும். ரே வளர்ந்தது கொஞ்சம் தெற்கே, குரோய்டன் பக்கம். அங்கேதான் பிரிட் ஸ்கூல் இருக்கிறது, 1991இல் தொடங்கின, கட்டணம் இல்லாத கலைப் பள்ளிக்கூடம். அடெல் படித்தது அங்கேதான், ஏமி வைன்ஹவுஸும் கொஞ்ச நாள் இருந்தவர். ரே அங்கே போய் இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டார். தாய் வழியில் கானாவும் சுவிட்சர்லாந்தும், தகப்பன் இங்கிலீஷ்காரர். தென் லண்டனில் இப்படிக் கலந்த வீட்டுப் பிள்ளைக்கு தேவாலயப் பாட்டு, ஜாஸ், ராப் எல்லாம் ஒரே சுவருக்குள் கேட்கும், அதை 'கலவை' என்று வெளியில் இருக்கிற நாங்கள்தான் பெயர் வைக்கிறோம் என்று எனக்குப் படும்.

விருது இரவன்று நானும் வீட்டில் டிவியில் பார்த்தேன். ஆல்பம் விருதை வாங்க அம்மம்மாவை மேடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார், இரண்டு பேரும் அழுகை. என்ட அம்மா தமிழ் நாடகத்தை நிறுத்திப்போட்டு வந்து நின்று பார்த்தவா, யார் பெத்த பிள்ளையோ என்று.

கசப்புக்_காபி அண்ணா, நீங்கள் சொல்கிற காய்ச்சல் உண்மை. ஆனால் ஒரு வித்தியாசம். அந்தக் காய்ச்சல் வந்த காலத்தில் லேபிள்தான் ஆளைத் தேடியது. இங்கே லேபிளுக்கு வேண்டியிருந்தது நடனப் பாட்டு, இவருக்கு வேண்டியிருந்தது இது. விற்கும் என்று தெரிந்திருந்தால் ஏன் ஏழு வருஷம் பூட்டி வைக்க வேணும்?

கசப்புக்_காபி:

அது சரியான கேள்வி தம்பி. பதில் என்னிடம் இல்லை. பேச்சுப்போட்டி பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

வினைல்_வாத்தியார்:

காசு விஷயத்தை யாரும் தொடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், 'மறுபிரவேசம்' என்ற சொல்லுக்குப் பின்னால் அதுதான் கிடக்கிறது.

ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமை. மெட்டும் வரியும் ஒன்று, பதிவு செய்த மாஸ்டர் இன்னொன்று. ஸ்ட்ரீமிங்கில் பெரிய பங்கு மாஸ்டருக்குப் போகிறது. பாட்டெழுதுகிறவர் மாஸ்டரில் இல்லை, அதனால் ஒரு நாள் முழுக்க ஸ்டுடியோவில் உட்கார்ந்து எழுதினாலும், அந்தப் பாட்டு வெளியாகி ஓடினால்தான் அவருக்கு ஏதோ வரும். வெளியாகாவிட்டால் போக வர ஆன டிக்கெட் காசும் கைக்காசு. ரே பல வருஷம் இந்த இடத்தில் இருந்தவர். அதனால்தான் பாட்டாசிரியர் விருது வாங்கியபோது, எழுதுகிறவர்களுக்கும் மாஸ்டரில் பங்கு கொடுங்கள் என்று லேபிள்களைப் பார்த்து நேராகக் கேட்டார். விருது மேடையில் அம்மா அப்பாவுக்கு நன்றி சொல்லி இறங்குகிறவர்கள் நடுவே இது எனக்குப் பெரிதாகப் பட்டது. மாஸ்டரில் பங்கு இன்னும் வரவில்லை, ஆனால் 2025 ஜூலையில் பிரிட்டனின் பெரிய லேபிள்கள் எழுதுகிறவர்களுக்குத் தினப்படி கொடுக்க ஒப்புக்கொண்டன.

பாண்டி சொன்ன கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் இருக்கிறாரே, அவருடைய டிரம்ஸ் வைத்து எத்தனையோ பேர் வாழ்ந்தார்கள், அவருக்குப் பாட்டெழுதியவர் என்ற பெயர் இல்லாததால் ராயல்டி வரவில்லை. 2017இல் போய்ச் சேர்ந்தார். நம் ஊரிலும் படப் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி பங்கை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று சட்டம் வந்தது 2012இல்தான், அதுவரை ஒரே காசோலையோடு கணக்கு முடிந்துவிடும்.

சரி, அடுத்து என்ன கேட்கலாம். 1998இல் வந்த பாடகி லாரின் ஹில்லின் ஆல்பம், சோலும் ராப்பும் ஒரே தொண்டையிலிருந்து வருவதற்கு இன்றைக்கும் அதுதான் அளவுகோல், மறு ஆண்டு கிராமியில் வருடத்தின் சிறந்த ஆல்பம் என்ற விருதை வாங்கியது. அப்புறம் 'பேக் டு பிளாக்'. அதில் பாதிக்கு மேல் தயாரித்தவர் மார்க் ரான்சன், மீதி சலாம் ரெமி, இந்த ரெமி அதற்கு முன்பு லாரின் ஹில் இருந்த ஃபியூஜீஸ் குழுவோடு வேலை செய்த ஹிப்-ஹாப் ஆள், கண்ணி எங்கே சேர்கிறது பாருங்கள். ரான்சன் பாட்டுகளுக்கு வாசித்தவர்கள் புரூக்ளினின் டாப்-கிங்ஸ் குழு, நிஜமாகவே டேப்பில் பதிவு செய்கிற கூட்டம். திரும்பி வருவது என்றால் என்ன என்று தெரிய அமெரிக்க சோல் பாடகர் டி'ஏஞ்சலோவின் 'பிளாக் மெசையா' ஆல்பத்தைக் கேளுங்கள். 2000இல் வந்த ஆல்பத்துக்குப் பிறகு 2014இல், பதினாலு வருஷம் கழித்து வந்தது. பதிவிலிருந்து மிக்ஸிங் வரை எல்லாம் டேப்பும் பழைய கருவிகளும்தான் என்று உறையிலேயே எழுதிப் போட்டார்கள். மனுஷன் 2025 அக்டோபரில், 51 வயதில், போய்விட்டார். இன்னும் எனக்கு அந்த ரிக்கார்டை எடுத்துப் போட மனசு வரவில்லை, நீங்கள் புதிதாகக் கேட்பவர், உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

ஃபேடர்_பாண்டி:

ஒன்றை விட்டுவிட்டீர்கள் வாத்தியாரே. ரே 2023 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இந்த ஆல்பத்தை முழு ஆர்கெஸ்ட்ராவும் கோரஸும் வைத்துப் பாடினார், அந்தப் பதிவும் ஆல்பமாக வந்திருக்கிறது. நான் மேலே சொன்ன கல் இருக்கிறதே, அது அங்கே கரைந்துவிடும். அத்தனை பேர் சேர்ந்து வாசிக்கும்போது தாளம் மூச்சு விடுகிறது, அதே பாட்டுகள்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அத்தை மகனுக்கு நான் எழுதிய கதையெல்லாம் தேவைப்படாது.

மொட்டைமாடி_ரேடியோ:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. பாண்டி அண்ணே சொன்ன மாதிரியே நேற்று ராத்திரி மாடியில் உட்கார்ந்து இரண்டு 'எஸ்கேப்பிசமும்' போட்டேன், அத்தை மகனும் வந்தான். ஆல்பர்ட் ஹால் வெர்ஷன் அவனுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் "இது பாட்டு, அது ஃபில்டர்" என்று இப்போது புதிதாக ஆரம்பித்திருக்கிறான், அதாவது ஒரிஜினலில் ஏதோ ஓட்டையாக இருக்கிறதாம், அடியில் ஒன்றுமே இல்லையாம். உண்மையைச் சொன்னால் எனக்கும் நேற்று அப்படித்தான் கேட்டது, பஸ்ஸில் கேட்டபோது அப்படி இல்லை.

ஃபேடர்_பாண்டி:

தம்பி, மாடியில் எதில் கேட்டீர்கள்?

மொட்டைமாடி_ரேடியோ:

போன் ஸ்பீக்கரில்.

ஃபேடர்_பாண்டி:

அப்புறம் அடியில் எப்படி இருக்கும்? அந்தப் பாட்டில் பாதி பேஸ்தான், போன் ஸ்பீக்கர் அதைத் தொடவே தொடாது. ஆர்கெஸ்ட்ராவில் வயலினும் கோரஸும் மேலே இருப்பதால் தப்பித்தது. மறுபடி இயர்போனை மாட்டிக் கேளுங்கள், அவனுக்கு இந்தத் தடவை இரண்டு காதையும் கொடுங்கள்.